பின்கதவு ஸ்பீக்கர்களை வீட்டிலேயே மாற்றிய அனுபவம்

ஏறத்தாழ பத்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் ஹாட்ச்பேக் காரின் பின்கதவு ஸ்பீக்கர்கள் சில மாதங்களாகவே சரியாக ஒலிக்கவில்லை. நாதஸ்வரம் மேல்ஸ்தாயிக்குப் போனால் கரகரப்பும், தவிலின் அடி விழும்போதெல்லாம் கதவுக்குள் ஓர் அதிர்வும் கேட்டன. பின்இருக்கையில் பெரும்பாலும் என் பெற்றோர்தான் அமர்வார்கள்; நீண்ட பயணங்களில் பாட்டை ஊன்றிக் கேட்பவர்களும் அவர்களே. முன்கதவு ஸ்பீக்கர்களைத்தான் முதலில் மாற்ற வேண்டும், பின்னால் இருப்பவை துணைக்கு மட்டுமே என்று கார் ஒலியில் ஆர்வமுள்ளவர்கள் சொல்வார்கள். ஓட்டுபவரின் காதை மட்டும் கணக்கில் கொண்டால் அது சரி. பின்னால் அமர்ந்திருப்பவர்களுக்குக் காதருகே ஒலிப்பது பின்கதவுதான் என்பதால் நான் அங்கிருந்தே தொடங்கினேன்.

எதையும் கழற்றுவதற்கு முன், குறை ஸ்பீக்கரில்தான் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்வது நல்லது. ஸ்டீரியோவின் ஒலிச் சமநிலை அமைப்பில் ஒலி முழுவதையும் பின்பக்கத்துக்குத் தள்ளி, பிறகு இடம், வலம் என்று தனித்தனியாகக் கேட்டேன். இடக்கதவில் கரகரப்பு மிகுதியாகவும் வலக்கதவில் குறைவாகவும் இருந்தது. அதே பாட்டை அதே ஒலி அளவில் முன்பக்கத்தில் மட்டும் கேட்டபோது தெளிவாக ஒலித்தது. ஸ்டீரியோவில் பின்பக்கத்துக்கெனத் தனி ஆம்ப்ளிஃபையர் பகுதி இருப்பதால் இந்தச் சோதனை மட்டும் முழு உறுதி தராது. எனவே கதவைத் திறந்தபின், கரகரத்த ஸ்பீக்கர் இருந்த கப்ளரில் (வயரைச் செருகி இணைக்கும் பிளாஸ்டிக் முனையில்) நல்ல நிலையிலுள்ள ஒரு ஸ்பீக்கரைச் சிறிது நேரம் இணைத்துப் பார்த்தேன். ஒலி தெளிவாக வந்தது; ஸ்டீரியோவில் பழுதில்லை.

அடுத்து, எந்த ஸ்பீக்கரை வாங்குவது என்ற கேள்வி. கடைகளில் பெட்டிகளின் மேல் 300 வாட், 350 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணைப் பார்த்து வாங்குவது வீண். கம்பெனி ஸ்டீரியோவோடு இணைக்கப்போகும் ஸ்பீக்கருக்கு அந்த ஸ்டீரியோ என்ன கொடுக்கும் என்பதே முக்கியம். பல ஸ்டீரியோக்களின் நெற்றியில் ‘50 வாட் x 4’ என்று எழுதியிருக்கும். இன்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட், அதன் வர்க்கத்தை ஸ்பீக்கரின் 4 ஓம் தடையால் வகுத்தால் கிட்டத்தட்ட 52 வாட் கிடைக்கிறது. ஒலி அலை முழுவதும் வெட்டுப்பட்டுச் சதுர அலையாகிவிட்ட நிலையில் மட்டுமே அந்த 50 வாட் வெளிவரும். அப்படிப்பட்ட ஒலியை யாரும் கேட்கமாட்டார்கள். சிதையாத சைன் அலைக்கு இதில் பாதியான 26 வாட்தான் மேல் எல்லை. டிரான்சிஸ்டர்களில் வீணாகும் மின்னழுத்தத்தைக் கழித்தால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தெளிவாகக் கிடைப்பது 20 வாட்டுக்குள்தான் இருக்கும்.

இந்தக் கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால் கடையில் பார்க்க வேண்டிய எண் எது என்பது தானாகப் புலப்படும். ஒரு வாட் மின்திறனில் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி வரும் என்பதைக் குறிக்கும் உணர்திறன்தான் அது. உணர்திறன் 3 டெசிபல் கூடினால், அதே ஒலி அளவுக்குப் பாதி மின்திறன் போதும். அதாவது 92 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டில் தரும் ஒலியை எட்ட, 89 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் வேண்டும். கம்பெனி ஸ்டீரியோவிடம் இருப்பதே அவ்வளவுதான். தனி ஆம்ப்ளிஃபையருக்காகச் செய்யப்பட்ட, கனத்த கூம்பு கொண்ட விலையுயர்ந்த ஸ்பீக்கர் கம்பெனி ஸ்டீரியோவில் சோர்ந்து ஒலிப்பதற்கும், அதைவிட மலிவான எளிய ஸ்பீக்கர் நிமிர்ந்து ஒலிப்பதற்கும் இதுவே காரணம். ஆகவே உணர்திறன் 91 டெசிபலுக்குக் குறையாத, கூம்பின் விளிம்பில் ரப்பர் வளையம் உள்ள, 4 ஓம், 6.5 அங்குல கோஆக்சியல் (உயர்ஒலிக்கான சிறு ட்வீட்டரும் நடுவிலேயே அமைந்த) ஸ்பீக்கர் வேண்டும் என்று தீர்மானித்தேன். விளிம்பில் ஃபோம் வளையம் உள்ளவற்றை நம் ஊர் வெயிலுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். மே மாத வெயிலில் கண்ணாடியை மூடி நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தொட்டுவிடும். அந்தச் சூட்டையும் கதவுக்குள் இறங்கும் மழைநீரின் ஈரத்தையும் மாறி மாறித் தாங்கும் ஃபோம் சில ஆண்டுகளிலேயே பொடியாகிவிடும்.

ஸ்பீக்கர்களைச் சென்னை ஜி.பி. ரோட்டிலும், கப்ளர், ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடுபட்டால் சுருங்கி வயரை இறுக்கி மூடும் உறை), ஃபோம் டேப் போன்ற சில்லறைப் பொருள்களை ரிச்சி தெருவிலும் வாங்கினேன். கம்பெனி கப்ளரில் அப்படியே பொருந்தக்கூடிய இணைப்பு வயர் தனியாகவே கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்கிவிட்டால் காரின் வயரிங்கை வெட்ட வேண்டியதில்லை. நாளை பழைய ஸ்பீக்கரையே திரும்பப் பொருத்த நேர்ந்தாலும் சிக்கல் இராது.

கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் டோர் பேடைக் கழற்றுவதில் பெரும்பாலானோர் அஞ்சுவது கிளிப்புகளுக்கு. உண்மையில் பொறுமையைச் சோதிப்பது, கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி. எங்கள் காரின் பின்கதவுகளில் பவர் விண்டோ கிடையாது. கைப்பிடி, பல்வெட்டு உள்ள ஒரு தண்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அதன் முதுகுப்புறத்தில் ஒரு சிறிய கம்பி ஸ்பிரிங் அதைப் பிடித்துவைத்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஸ்குரூவும் தெரியாது, ஸ்பிரிங்கும் தெரியாது. முதலில் கண்ணாடியை முழுவதும் ஏற்றி, கைப்பிடி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைப் பேடின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டேன். பிறகு பழைய பருத்தித் துணியின் நீண்ட கிழிசல் ஒன்றைக் கைப்பிடிக்கும் அதற்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் வாஷருக்கும் இடையே நுழைத்து, தயிர் கடையும் கயிற்றை இழுப்பதுபோல் இரு முனைகளையும் மாற்றி மாற்றி இழுத்தேன். துணியின் இழை ஸ்பிரிங்கின் நுனியில் மாட்டி அதை வெளியே தள்ளிவிடும். அது தெறித்து ஓடக்கூடியது என்பதால் வேறொருவரை அருகில் கையால் மறைத்துப் பிடிக்கச் சொல்வது நல்லது. திரும்பப் பொருத்தும்போது வேலை எளிது: ஸ்பிரிங்கை முதலில் கைப்பிடியிலேயே மாட்டிவிட்டு, குறித்துவைத்த கோணத்தில் தண்டின் மேல் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் ‘டக்’ என்று உட்கார்ந்துவிடும்.

மீதி வேலை விரைவாக முடிந்தது. உள்கைப்பிடியின் குழிவில் ஒரு சிறிய மூடிக்குப் பின்னால் ஒரு ஸ்குரூவும், கதவை இழுத்துச் சாத்தும் பிடியின் அடியில் இரண்டும் இருந்தன. அவற்றைக் கழற்றியபின் பேடின் கீழ்மூலையில் பிளாஸ்டிக் நெம்புகோலை நுழைத்து, ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்திலேயே நெம்பினேன். கிளிப்பிலிருந்து தள்ளி நெம்பினால் பேடு வளையுமே தவிர கிளிப் வராது. பழைய பேடாக இருந்தால் கிளிப்பின் வேரோடு உடைந்துவிடும். எல்லாக் கிளிப்புகளும் விடுபட்டபின் பேடை வெளிப்பக்கமாக இழுக்காமல் மேல்நோக்கித் தூக்க வேண்டும். அதன் மேல்விளிம்பு கண்ணாடியை ஒட்டிய இடுக்கில் கொக்கிபோல் மாட்டியிருக்கும். பேடின் பின்புறம் கதவுப் பூட்டின் கேபிள் இணைந்திருப்பதால் முழுவதும் இழுத்துவிடாமல், ஒரு கையால் பேடைத் தாங்கியபடியே மறு கையால் கேபிளை அதன் பிடிப்பிலிருந்து விடுவிக்க வேண்டும். வெயிலில் இறுகிப்போன கிளிப்புகள் சில எப்படியும் உடையும் என்பதால் புதிய கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொள்வது அவசியம்.

பேடுக்குப் பின்னால் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஸ்பீக்கர் மாற்றும் வேலையில் அதிகம் புறக்கணிக்கப்படுவது அதுதான். கார் கதவு நீர் புகாத பெட்டியன்று. மழையில் கண்ணாடியின் மேல் வழியும் நீர், ரப்பர் பட்டையைக் கடந்து கதவுக்குள் இறங்கி, கதவின் அடியிலுள்ள சிறு துளைகள் வழியாக வெளியேறும்படியே கதவு வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அந்த நீர் பேடுக்கும் காரின் தரைவிரிப்புக்கும் வந்துவிடாமல் தடுப்பது இந்தத் தாள். அவசரத்தில் அதைக் கத்தியால் கிழித்துவிட்டு வேலையை முடித்துவிட்டால், அடுத்த மழைக்காலத்தில் தரைவிரிப்பு ஏன் நாறுகிறது என்பது யாருக்கும் புரியாது. தாளைச் சுற்றியுள்ள கறுப்பு பியூட்டைல் பிசின் இழுத்தால் நூலாக நீளும். கை படாமல், தாளின் ஒரு மூலையைப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே, நீளும் பிசினைக் கத்தியின் நுனியால் அறுத்துக்கொண்டு போனால் தாள் முழுதாக வந்துவிடும். பிசினில் தூசியோ விரல் எண்ணெயோ படாதவரை அதையே திரும்ப ஒட்டலாம். எங்கள் காரில் ஸ்பீக்கரின் அளவுக்கே தாளில் வட்டம் வெட்டியிருந்ததால், ஸ்பீக்கரைக் கழற்றக் கீழ்ப்பாதித் தாளை மட்டும் விலக்கினால் போதுமாக இருந்தது.

நான்கு ஸ்குரூக்களைக் கழற்றியதும் பழைய ஸ்பீக்கர் கைக்கு வந்தது. அதன் எடையே அதன் கதையைச் சொல்லிவிடுகிறது: பிளாஸ்டிக் சட்டம், ஒற்றைக் காகிதக் கூம்பு, சிறிய காந்தம். உயர்ஒலிக்குத் தனி ட்வீட்டர் கிடையாது. கூம்பின் நடுவில் ஒட்டிய சிறு காகிதக் குவளைதான் அந்த வேலையைச் செய்கிறது. இடக்கதவு ஸ்பீக்கரின் விளிம்பு ஃபோம், கீழ்ப்பாதியில் அரை வட்டத்துக்கு மேல் கிழிந்து, விரல் பட்டதும் கறுப்புப் பிசுக்காக உதிர்ந்தது. கூம்பின் இரு பக்கமும் விரல்களை வைத்து மெதுவாக, சமமாக உள்ளே அழுத்திப் பார்த்தபோது ‘சர்ர்’ என்று உரசும் ஓசை வந்தது. விளிம்பின் பிடிமானம் ஒரு பக்கம் போய்விட்டதால் கூம்பு சாய்ந்து, அதோடு சேர்ந்து அசையும் கம்பிச்சுருளான ‘வாய்ஸ் காயில்’, காந்த இடைவெளியின் சுவரில் உரசுகிறது. காரில் கேட்ட கரகரப்பு இதுதான். வலக்கதவு ஸ்பீக்கர் அவ்வளவு மோசமாக இல்லை, ஆனால் அதன் ஃபோமிலும் வெடிப்புகள் தொடங்கியிருந்தன. மல்டிமீட்டரில் இரண்டும் 3.5 ஓம் அளவில் காட்டின. 4 ஓம் ஸ்பீக்கரின் காயிலுடைய நேர்மின்தடை 4-ஐவிடச் சற்றுக் குறைவாக இருப்பது இயல்பே. மின்னளவில் பழுதில்லை, பழுது உடலில்தான்.

பழைய ஸ்பீக்கரின் முதுகில் காந்தத்துக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் மறைப்பு நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் வழியும் நீர் கூம்பின் பின்புறம் சொட்டாமல் அதுவே தடுக்கிறது. வெளியில் வாங்கும் ஸ்பீக்கர்களில் இது இருப்பதில்லை. காலியான இன்ஜின் ஆயில் கேனை நன்றாகக் கழுவி, அதன் பக்கவாட்டிலிருந்து அரைவட்டமாக ஒரு துண்டை வெட்டி, அதே வேலையைச் செய்யும் மறைப்பைப் புதிய ஸ்பீக்கருக்குச் செய்துகொண்டேன். அந்தப் பிளாஸ்டிக் நீருக்கும் சூட்டுக்கும் அசைந்துகொடுக்காது.

புதிய ஸ்பீக்கரின் காந்தம் பெரியது, ஆழமும் கூடுதல். கண்ணாடியை முழுவதும் இறக்கிவைத்துத் தகட்டிலிருந்து கண்ணாடி வரை அளந்தபோது 52 மி.மீ. இருந்தது, ஸ்பீக்கரின் ஆழமோ 58 மி.மீ. இடையே ஒரு வளையம் வைத்து ஸ்பீக்கரைக் காரின் உள்பக்கமாகத் தள்ளியாக வேண்டும். 12 மி.மீ. வளையம் வைத்தால் காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே 6 மி.மீ. மிஞ்சும். அதே சமயம் ஸ்பீக்கரின் முகப்பிலுள்ள ட்வீட்டர், பேடின் வலைமுகப்பில் இடிக்கவும் கூடாது. ட்வீட்டரின் உச்சியில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருண்டையாக வைத்து, பேடை அதன் இடத்தில் அழுத்திவிட்டு எடுத்துப் பார்த்தால், நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் மிச்சமுள்ள இடைவெளி. எனக்கு 4 மி.மீ. இருந்தது. போதும்.

வளையத்துக்குப் பலரும் எம்.டி.எஃப். பலகையைப் பயன்படுத்துகிறார்கள். வெட்டுவதற்கு அது சுகமானது. ஆனால் ஈரம் பட்டால் ஊதிப் பிளந்துவிடும் என்பதால் கதவுக்குள் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள 12 மி.மீ. மரைன் பிளைவுட்டில் தச்சரிடம் இரண்டு வளையங்கள் வெட்டி வாங்கி, வெட்டுவிளிம்புகளுக்குக் கூடுதல் கவனம் கொடுத்துப் பிரைமரும் எனாமல் பெயின்ட்டும் அடித்து நன்றாகக் காயவைத்தேன். பிளைவுட்டுக்குள் நீர் நுழைவது அதன் முகத்தின் வழியாக அன்று, வெட்டுவிளிம்பின் வழியாகத்தான். வளையத்தைத் தகட்டோடு போல்ட் நட் கொண்டும், ஸ்பீக்கரை வளையத்தோடு மரஸ்குரூ கொண்டும் இறுக்கினேன். தகட்டில் புதிய துளை போட வேண்டியிருந்தால் ஸ்பீக்கரை வேறு அறைக்கே கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். துளையிடும்போது பறக்கும் இரும்புத் தூளைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். அது காயிலின் இடைவெளிக்குள் போய்விட்டால் புதிய ஸ்பீக்கரும் முதல் நாளே கரகரக்கும். துளையிட்ட இடத்தில் துருத்தடுப்புப் பெயின்ட்டை ஒரு தொடு தொட்டுவிட்டேன்.

வளையத்தின் இரு பக்கமும் மூடிய துளை (காற்றும் நீரும் ஊடுருவாத) ஃபோம் டேப்பை வட்டமாக, முனைகள் இடைவெளியின்றிச் சேரும்படி ஒட்டினேன். இந்த ஒரு சுற்று டேப்பினால் வரும் மாற்றம், ஸ்பீக்கரின் விலையை இரட்டிப்பாக்குவதால் வரும் மாற்றத்தைவிடப் பெரிது என்பது என் துணிபு. கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் எதிரெதிரானவை. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர், அவ்வளவு நீண்ட அலைகள் ஸ்பீக்கரின் ஓரத்திலுள்ள சிறு இடைவெளியில் சந்தித்தாலும் ஒன்றையொன்று அழித்துவிடும். கூம்பு நன்றாக அசைந்தும் பேஸ் மட்டும் காதுக்கு வராமல் போவது இதனால்தான்.

வயரிங்கில் இரண்டு செய்திகளில் கவனம் வேண்டும். முதலாவது, துருவம். பழைய ஸ்பீக்கரில் அகலமான முனை நேர்மின், குறுகலானது எதிர்மின் என்பது பொதுவான வழக்கம், ஆனாலும் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். பேட்டரியின் நேர்முனை ஸ்பீக்கரின் நேர்முனையில் பட்டால் கூம்பு வெளிநோக்கி நகரும். புதிய ஸ்பீக்கருக்கும் அதே சோதனையைச் செய்து, எந்த நிற வயர் எதற்கு என்று எழுதிவைத்துக்கொண்டேன். காரின் வயரிங் ஸ்டீரியோவோடு இணைந்திருக்கும்போது பேட்டரியை அந்த வயர்களில் தொடக் கூடாது. இரண்டாவது, ஸ்பீக்கரின் எதிர்மின் வயர் காரின் உடலோடு சேர்ந்த எர்த் அன்று. இன்றைய ஸ்டீரியோக்களில் இரு வயர்களும் ஆம்ப்ளிஃபையரால் இயக்கப்படுபவை. இரண்டிலுமே மின்னழுத்தம் இருக்கும். அவற்றில் ஒன்று கதவுத் தகட்டில் பட்டாலும் ஆம்ப்ளிஃபையர் ஐ.சி. பழுதாக வாய்ப்புண்டு. ஆகவே சாவியை எடுத்து, ஸ்டீரியோ முழுவதும் அணைந்தபின் இணைத்தேன். முனைகளை ஈயம் உருக்கி ஒட்டும் சால்டர் செய்யாமல், உலோக முனையை நசுக்கி இறுக்கும் கிரிம்ப் செய்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுருக்கினேன். ஓயாமல் அதிரும், அடித்துச் சாத்தப்படும் கதவில் சால்டர் வைத்த வயர் அதன் விறைத்த விளிம்பில் முறிந்துவிடும்.

கதவு திறந்திருக்கும்போதே அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் அதிர்வுத்தடுப்புத் துண்டுகளை வெளித்தகட்டின் உட்புறம், ஸ்பீக்கருக்கு நேர் எதிரே ஒட்டி உருளையால் அழுத்தினேன். தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. நடுப்பகுதியில் ஒட்டினாலே விரலால் தட்டும்போது எழும் ‘டங்’ ஓசை ‘தொப்’ என்று அடங்கிவிடுகிறது. மலிவான தார் விரிப்புகள் சூட்டில் இளகி வழிவதோடு வாடையும் வீசும், அவற்றைத் தவிர்த்தேன். பூட்டுக்குப் போகும் கம்பி தகட்டில் உரசும் இடத்தில் ஃபோம் டேப்பைச் சுற்றினேன். கதவின் அடித்துளைகளைப் பிளாஸ்டிக் கேபிள் டையால் குத்திச் சுத்தம் செய்தேன். ஒன்றில் பல ஆண்டு மண் அடைத்திருந்தது.

நீர்த்தடுப்புத் தாளைத் திரும்ப ஒட்டும்போது அதன் கீழ்விளிம்பைத் தகட்டுக்கு வெளியே விடாமல், கதவின் உள்ளே போகும் இடுக்கில் செருகினேன். தாளில் வழியும் நீர் கதவுக்குள்ளேயே விழுந்து துளை வழியாகப் போக வேண்டும் என்பதே இந்த அமைப்பின் நோக்கம். பேடை மாட்டுவதற்கு முன் ஒரு குவளை நீரைக் கண்ணாடியின் மேல் மெதுவாக ஊற்றினேன். நீர் அடித்துளைகளில் சொட்டியது. தாளின் உள்பக்கம் உலர்ந்தே இருந்தது. ஸ்பீக்கரின் மறைப்பில் துளிகள் நின்றன, கூம்பில் ஈரமில்லை.

இரண்டு கதவுகளும் முடிந்தபின், ஒலியை முழுவதும் பின்பக்கம் தள்ளி, நடுவில் நிறுத்தி, பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றைப் போட்டேன். ஒரு பக்க ஸ்பீக்கரின் வயர்களைத் தற்காலிகமாக மாற்றி இணைத்துக் கேட்டபோது பேஸ் மெலிந்து, பாடகரின் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாதபடி சிதறியது. பழையபடி இணைத்ததும் இரண்டும் திரும்பி வந்தன. துருவம் சரியாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

கடைசியில் ஸ்டீரியோவின் அமைப்புகள். 20 வாட்டுக்குள் இருக்கும் மின்திறனை ஆழ்ந்த பேஸில் செலவிட்டால் ஒலி அளவைக் கூட்டியதும் எல்லாமே சிதையும். எங்கள் ஸ்டீரியோவில், குறிப்பிட்ட எல்லைக்குக் கீழுள்ள ஒலியைக் குறைக்கும் ஹை பாஸ் ஃபில்டர் இருந்ததால் அதை 100 ஹெர்ட்ஸில் வைத்தேன். அந்த வசதி இல்லாதவர்கள் ஒவ்வொரு 4 ஓம் ஸ்பீக்கருக்கும் தொடராக ஏறத்தாழ 400 மைக்ரோஃபாரட் துருவமற்ற கெப்பாசிட்டர் ஒன்றை இணைத்தால் அதே எல்லை கிடைக்கும். லவுட்னெஸ், பேஸ் பூஸ்ட் இரண்டையும் அணைத்துவிட்டேன். பழைய ஸ்பீக்கர்களின் மந்தத்தை ஈடுகட்ட முன்பு உயர்த்திவைத்திருந்த ட்ரெபிளையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. இல்லையென்றால் புதிய ட்வீட்டர் காதைக் குத்துகிறது. நான் மட்டும் ஓட்டும்போது ஒலியைச் சற்று முன்பக்கமாகவும், பெற்றோர் வரும்போது நடுவிலும் வைக்கிறேன். நாதஸ்வரத்தின் சீவாளி ஓசையும் தவிலின் வலந்தலை நாதமும் இப்போது பின்இருக்கையில் தனித்தனியாகக் கேட்கின்றன. முன்பைவிடக் குறைந்த ஒலி அளவே போதுமானதாக இருப்பதால் அவர்கள் பாட்டு ஓடும்போதே பேசிக்கொண்டும் வருகிறார்கள். அடுத்து முன்கதவுகள், அங்கே பவர் விண்டோ சுவிட்சின் கப்ளரும் சேர்ந்துகொள்வதால் பேடைக் கழற்றும் வரிசை மாறும். அதிர்வுத்தடுப்புத் துண்டுகளும் மரைன் பிளைவுட்டும் அதற்கு மிச்சமிருக்கின்றன.